கஞ்சித்தொட்டி நிறுத்தம்

கல்மண்டபம் ரேஷன் கடையில்
எடை போடுகிறவன் நான்.
அளக்கும் டப்பாவின் அடியில்
பழைய ஸ்பீக்கரில் கழற்றிய காந்தம் ஒட்டியிருக்கும்.
இருநூறு கிராம்.
ஒரு கார்டுக்கு அவ்வளவுதான்,
அதற்கு மேல் நான் எடுத்ததில்லை.
மாதக் கடைசியில் அது மூட்டைகளாகும்.
கிலோ பத்து ரூபாய்.
இட்லிக் கடை, கோழி வளர்ப்பவர்கள்,
கார்டு இல்லாதவர்கள்.

நகுலேஸ்வரிக்குக் கார்டு இங்கே இல்லை.
பதிவு கும்மிடிப்பூண்டி முகாமில்,
வேலை காசிமேட்டில் இறால் உரிப்பது.
விரல் நுனிகள் வெந்த மாதிரி வெளுத்திருக்கும்.
மே மாதம் மட்டும் ஐந்து கிலோ கூடக் கேட்பாள்.
விசேஷமா என்றேன் ஒருமுறை.
"ஓம். கஞ்சி."
என்ன போட்டு?
"அரிசி, தண்ணி. உப்புக் கிடைச்சால் உப்பு."
தேங்காய்ப்பால் ஊற்றினால் நல்லா இருக்குமே என்றேன்.
சில்லறையை எண்ணிக்கொண்டே இருந்தாள்.

வேறொரு நாள், கடை சாத்தும் நேரம்,
இறால் கூலி குறைந்த கதையைச் சொல்லும் அதே குரலில் சொன்னாள்:
"முதல்ல மா நிண்டது.
பிறகு பால்மா.
பிறகு மருந்து.
அதுக்குப் பிறகுதான் செல்.
கஞ்சிக்கு எங்க வரிசை நிக்குதோ
அங்கதான் விழும்.
பசிச்ச சனம் எங்க வரும் எண்டு
தேடத் தேவையில்லைத்தானே.
தம்பி வாளியோட போனவன்.
வாளி வந்தது."

அந்த மே மாதம் நான் என்ன செய்தேன்?
தேர்தல்.
தெருத் தெருவாகப் பூத் சிலிப் கொடுத்தேன்.
பிரியாணிப் பொட்டலத்தில் பீஸ் இல்லை என்று
வட்டச் செயலாளர் வீட்டு வாசலில் சண்டை போட்டேன்.
சட்டை கிழிந்தது.

மூட்டையைத் தூக்கிக்கொண்டு
பஸ் ஏற்றிவிடப் போனேன்.
"கஞ்சித்தொட்டிலாம் முன்னாடி வா" என்று
கண்டக்டர் கத்த, திரும்பினாள்.
"அது என்ன பேர்?"
ஸ்டான்லி ஆஸ்பத்திரிதான்.
ஏதோ ஒரு பஞ்சம்,
தாது வருஷமோ அதற்கும் முன்னாலோ.
ஊர் ஊராக நடந்து வந்தார்களாம்.
தொட்டியில் கஞ்சி ஊற்றினார்களாம்.
வந்து சேர்ந்தவர்கள் குடித்தார்கள்.
மற்றவர்கள் வழியிலேயே.

"ஆர் சுட்டது?"

யாரும் சுடலம்மா. பஞ்சம். மழை இல்லை.

"சுடாமலோ அவ்வளவு சனமும்?"

பஸ் போய்விட்டது.
துறைமுகத்தில் மூட்டை தூக்கிய எபிநேசர்
குடித்துவிட்டுச் சொல்வது அப்போதுதான் ஞாபகம் வந்தது:
பஞ்சத்தில் கடற்கரை முழுக்க
மலை மாதிரி அரிசி அடுக்கியிருந்ததாம்.
கப்பலுக்குப் போவதும் வருவதுமாக.
சுற்றிலும் சிப்பாய்கள்.
துப்பாக்கி இருந்ததும்மா, என்றேன்,
அரிசிக்குக் காவலாக.

"அப்ப இருந்தது" என்றாள்.
தலையைக் கூட ஆட்டவில்லை.
அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டாள்.

மே பதினெட்டு காலை
அலுமினியக் குண்டானோடு கடைக்கே வந்துவிட்டாள்.
சர்க்கரை வந்த நாள், கூட்டம்
மசூதிச் சந்து வரை.
ஒவ்வொருவருக்கும் ஒரு டம்ளர்.
"இன்னாம்மா, தொட்டுக்க ஒண்ணும் இல்லியா?" என்றாள் சகாயமேரி.
குடித்துவிட்டு,
"உப்பாவது போட்டிருக்கலாம்" என்றாள்.
அது அவள் கார்டில் எடுத்த அரிசி.
மிச்சமெல்லாம் அவர்களுடையதுதான்,
இருநூறு இருநூறாக.

நிழல் கிடையாது அந்த இடத்தில்.
ஆள் மேல் ஆளாக, கையில் பையோடு,
நெளிந்து நின்றது வரிசை.
பதினேழு வருஷம் இந்த ஜன்னலிலிருந்து பார்க்கிறேன்.
அன்றைக்கு ஏனோ
மேலிருந்து பார்க்கிற மாதிரி இருந்தது.

எனக்கும் ஒரு டம்ளர் நீட்டினாள்.
வாங்கிய கை
தானாக எடை போட்டது.
இருநூறு இருக்கும்.

அடுத்த கார்டு என்று கூப்பிட வேண்டும்.
டப்பா இன்னொரு கையில் இருக்கிறது,
காந்தத்தோடு.